கோத்தகிரிப் பிள்ளைகளுக்கு எந்தக் கடலோரம்?

கோத்தகிரியில் இருக்கும் ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். வீட்டுக்காரருக்குச் சிட்னியில் வேலை கிடைத்திருக்கிறதாம். வாரத்தில் இரண்டு மூன்று நாள் அலுவலகம் போனால் போதும், மீதி நாள் வீட்டிலிருந்தே வேலை. மகள் ஆறாம் வகுப்பு, மகன் மூன்றாம் வகுப்பு. "மலைக்காற்றில் வளர்ந்த பிள்ளைகளைப் பெரிய நகரத்துக்குள் அடைத்துவைக்க மனசில்லை. கடற்கரைப் பக்கம் குடியேறலாம் என்று நினைக்கிறோம். எந்த ஊர் நல்லது? கடல் தெரியும்படி வீடு கிடைக்குமா?" என்று எழுதியிருக்கிறார்.

சகோதரி, நான் குன்னூர்க்காரி. பல வருடமாகக் குடும்பத்தோடு, சிட்னிக்குத் தெற்கே கடலோரத்தில் உள்ள வொல்லங்காங்கில் இருக்கிறேன். பள்ளி லீவுக்குப் பிள்ளைகளோடு அம்மா வீட்டுக்கு வந்த இடத்தில் உங்கள் கேள்வியைப் பார்த்தேன். கடல் தெரியும் வீடு, ஊர் எல்லாவற்றையும் கொஞ்சம் தள்ளிவையுங்கள். முதலில் முடிவு செய்ய வேண்டியது உங்கள் மகளின் உயர்நிலைப் பள்ளி. அது முடிவானால் ஊர் தானாக முடிவாகிவிடும்.

ஏன் என்று சொல்கிறேன். சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் ஆறாம் வகுப்போடு தொடக்கப்பள்ளி முடிகிறது. ஏழிலிருந்து பன்னிரண்டு வரை வேறு பள்ளி. கல்வியாண்டு ஜனவரிக் கடைசியிலோ பிப்ரவரித் தொடக்கத்திலோ ஆரம்பித்து டிசம்பரில் முடியும், நடுவில் நான்கு பருவம். ஏழாம் வகுப்பின் முதல் நாள் அன்று வகுப்பில் இருக்கும் எல்லாப் பிள்ளைகளுமே புதுசு. ஐந்தாறு தொடக்கப்பள்ளிகளிலிருந்து வந்து, யார் பக்கத்தில் உட்காருவது என்று தெரியாமல் நிற்பார்கள். உங்கள் மகள் அந்த நாளில் அவர்களோடு சேர்ந்து உள்ளே போனால் அவளும் அவர்களில் ஒருத்தி. அதையே ஆகஸ்டில் கொண்டுபோய்ச் சேர்த்தால், கூட்டாளிகள் எல்லாம் சேர்ந்து முடிந்த பிறகு வந்த பெண்ணாக நிற்பாள். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பெண்பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்கே தெரியும். அதனால் வீட்டுக்காரர் வேண்டுமானால் முன்னால் போகட்டும். நீங்களும் பிள்ளைகளும் அடுத்த ஜனவரியைக் கணக்கு வைத்துக் கிளம்புங்கள். மகனைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. அந்த வயதுப் பையன்கள் கையில் ஒரு பந்து இருந்தால் ஒரு வாரத்தில் ஒட்டிக்கொள்வார்கள்.

அங்கே அரசுப் பள்ளிகள் நல்ல பள்ளிகள். நம் ஊரில் மெட்ரிக் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பியவர்களுக்கு இதை நம்பக் கொஞ்ச காலம் ஆகும். ஆனால் இஷ்டப்பட்ட பள்ளியில் சேர்த்துவிட முடியாது. ஒவ்வொரு அரசுப் பள்ளிக்கும் ஓர் எல்லை உண்டு. அந்த எல்லைக்குள் குடியிருக்கும் பிள்ளைக்குக் கட்டாயம் இடம் கொடுப்பார்கள், வெளியில் இருப்பவர்களுக்கு இடம் மிச்சம் இருந்தால்தான். முகவரியை நிரூபிக்க வாடகை ஒப்பந்தம், கரன்ட் பில் என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் வைத்து, மொத்தம் 100 வருகிறதா என்று பார்க்கிற பள்ளிகள் உண்டு. தெருவின் இந்தப் பக்கம் ஒரு பள்ளி, எதிர்ப்பக்கம் வேறு பள்ளி என்பதெல்லாம் சாதாரணம். கல்வித்துறையின் இணையதளத்தில் முகவரியைப் போட்டால் எந்தப் பள்ளி என்று காட்டும். வாடகை விளம்பரம் பார்க்கும்போதே அதையும் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

தேர்வு வைத்துப் பிள்ளைகளை எடுக்கும் அரசுப் பள்ளிகளும் உண்டு. வொல்லங்காங்கில் ஸ்மித்ஸ் ஹில் அப்படிப்பட்டது. அதற்கான தேர்வை ஆறாம் வகுப்பிலேயே எழுத வேண்டும் என்பதால் உங்கள் மகளுக்கு அந்த நேரம் தவறிவிடும். பின்னால் மேல் வகுப்பில் இடம் காலியானால் விண்ணப்பிக்கலாம். அதற்காக இப்போதே அலைய வேண்டாம்.

எந்த வகை விசா என்பதைத் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். நிரந்தரமாக வசிக்கும் உரிமை தரும் விசா என்றால் அரசுப் பள்ளியில் படிப்புக் கட்டணம் கிடையாது. வேலைக்கான தற்காலிக விசாவில் போனால் நியூ சவுத் வேல்ஸில் ஒவ்வொரு பிள்ளைக்கும் வருடக் கட்டணம் உண்டு, உயர்நிலைப் பள்ளிக்கு இன்னும் அதிகம். மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். சம்பளம் பேசும்போதே இதைச் சேர்த்துப் பேசிவிடுவது நல்லது.

சரி, ஊர்களுக்கு வருவோம். சிட்னியின் வடக்குக் கடற்கரைப் பகுதி அழகுதான், ஆனால் அங்கே ரயிலே கிடையாது, வாடகையும் கை கடிக்கும். தெற்கே குரோனுல்லாவில் ரயிலை விட்டு இறங்கி நடந்தால் கடல். சிட்னிக்குள்ளேயே அலைக் கடற்கரைக்கு ரயில் போகிற இடம் அது ஒன்றுதான். பட்ஜெட் இடம் கொடுத்தால் பார்க்கலாம். வடக்கே சென்ட்ரல் கோஸ்ட்டில் காஸ்ஃபோர்டு பக்கம் வாடகை குறையும், ரயிலும் இருக்கிறது. நியூகாசில் நல்ல ஊர், பல்கலைக்கழகம் இருக்கிறது, ஆனால் சிட்னியிலிருந்து 160 கிலோமீட்டர். வாரம் மூன்று நாள் போய் வந்தால் வீட்டுக்காரர் பிள்ளைகளைத் தூங்கும்போதுதான் பார்ப்பார். கோல்ட் கோஸ்ட் என்று யாராவது சொன்னால் அது வேறு மாநிலம், பாடத்திட்டமே வேறு. சிட்னி வேலைக்கு அது ஒத்துவராது.

நான் சொல்வது வொல்லங்காங்தான். நான் இருக்கிற ஊர் என்பதால் மட்டும் சொல்லவில்லை. சிட்னிக்குத் தெற்கே ஏறக்குறைய 80 கிலோமீட்டர், ரயிலில் ஒன்றரை மணி நேரம். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் ஊரை ஒட்டியே செங்குத்தாக எழும் மலைத்தொடர். நடுவில் ஒடுங்கிய சமவெளியில் ஊர் நீண்டு கிடக்கிறது. சமையலறை ஜன்னலில் காலையில் மலைமேல் மேகம் இறங்குவதைப் பார்க்கலாம். நீலகிரியில் பிறந்தவர்களுக்கு ஜன்னலில் மலை இல்லாத ஊரில் ஏதோ ஒன்று குறையும், அதை நான் சிட்னியின் மேற்குப் புறநகரில் இருந்தபோது உணர்ந்திருக்கிறேன். மரங்களும் பழக்கமானவைதான். நம் கற்பூர மரம், வாட்டில் என்கிற சீகை மரம், தேயிலைத் தோட்டத்து சில்வர் ஓக் எல்லாமே ஆஸ்திரேலியாவிலிருந்து நீலகிரிக்கு வந்தவை. மழை பெய்து ஓய்ந்த பிறகு அந்தத் தைல வாசனை வரும்போது பிள்ளைகள் "பாட்டி வீட்டு வாசனை" என்பார்கள்.

குளிர்காலத்தில் பகலில் 17 டிகிரி அளவில் இருக்கும், கோடையில் 25, 26. சில நாள் மேற்கிலிருந்து வெப்பக் காற்று அடித்தால் 40-ஐத் தொடும், அன்று மட்டும் வீட்டுக்குள் இருந்துவிட வேண்டும்.

குறையும் சொல்ல வேண்டும். பெருமழை பெய்தால் மலைச்சரிவில் மண் சரிந்து ரயில் பாதை மூடப்படும். வடகிழக்குப் பருவமழையில் கல்லாறு–குன்னூர் பாதையை மூடுவது நமக்குப் புதிதா என்ன? ஆனால் இங்கே அது சுற்றுலா ரயில், அங்கே வேலைக்குப் போகும் ரயில். அப்படிப்பட்ட நாளில் வீட்டிலிருந்தே வேலை பார்க்க அலுவலகம் சம்மதிக்குமா என்று முன்கூட்டியே கேட்டு வைக்கச் சொல்லுங்கள். காரில் சிட்னிக்குப் போகும் மவுண்ட் ஊஸ்லி மலைச்சாலையில் மூடுபனியும் கனரக லாரிகளும் இருக்கும். குன்னூர் காட் ரோட்டில் ஓட்டியவருக்கு அது பெரிதில்லை.

ஊருக்குள் எங்கே? வடக்கே திரூல், ஆஸ்டின்மர் பக்கம் அழகு, விலையும் அப்படியே. ஃபேரி மெடோ, கோரிமல், வூனோனா நடுத்தரம். இவை ரயில் பாதையிலேயே இருக்கின்றன, கடற்கரைக்கும் தூரமில்லை. ஃபிக்ட்ரீ மலையடிவாரம், அங்கே ரயில் இல்லை. உங்கள் நிலைமைக்கு கோரிமலிலிருந்து வூனோனா வரையுள்ள பகுதியில் தேடச் சொல்வேன்.

இனி, நீங்கள் கேட்காத ஒன்று. மற்ற எல்லாவற்றையும் விட என் மனதை அரிப்பது இதுதான். உங்கள் பிள்ளைகளுக்கு நீச்சல் தெரியுமா?

கோத்தகிரியில் வளரும் பிள்ளைக்குத் தண்ணீர் என்றால் கேத்தரின் நீர்வீழ்ச்சியைத் தூரத்திலிருந்து காட்டுவதும், திருச்செந்தூர் போனால் அம்மாவின் கையைப் பிடித்து முழங்கால் அளவு நிற்பதும்தான். குளிரில் யார் நீச்சல் கற்றுக்கொடுப்பார்கள்? அங்கே நிலைமை நேர் எதிர். கல்வியாண்டு தொடங்கிய சில வாரங்களில் பெரும்பாலான பள்ளிகளில் நடக்கும் முதல் பெரிய நிகழ்ச்சியே நீச்சல் போட்டி நாள்தான். பிறந்தநாள் விழா கடற்கரையில், வகுப்புத் தோழிகள் சனிக்கிழமை சந்திப்பது கடற்கரையில். நீந்தத் தெரியாத பெண் கரையில் பைகளுக்குக் காவல் இருப்பாள். அதைவிடப் பெரிய பயம், வெட்கத்தில் சொல்லாமல் அவர்களோடு இறங்கிவிடுவது.

அந்தக் கடல் ஏமாற்றும். அலை வரிசையாக உடைந்து நுரை தள்ளும் இடங்களுக்கு நடுவில் ஓரிடம் மட்டும் அலையே உடையாமல், கொஞ்சம் கருமையாக, அமைதியாகத் தெரியும். கடலுக்குப் புதியவர்கள் அதைத்தான் பத்திரமான இடம் என்று நினைத்துப் பிள்ளையோடு இறங்குவார்கள். கரைக்கு வந்த தண்ணீர் எல்லாம் கடலுக்குத் திரும்பி ஓடும் வாய்க்கால் அது. ரிப் என்பார்கள். நன்றாக நீந்துகிறவர்களையும் இழுத்துக்கொண்டு போய்விடும். எதிர்த்து நீந்தினால் களைத்துப்போவோம். மிதந்துகொண்டு கையை உயர்த்திக் கூப்பிட வேண்டும், தெம்பு இருந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியேற வேண்டும். சிவப்பும் மஞ்சளும் கலந்த இரண்டு கொடிகளுக்கு நடுவில் மட்டும்தான் குளிக்க வேண்டும், கொடி இல்லாத நாளில் இறங்கவே கூடாது. பிள்ளைகளுக்குச் சொல்வதற்கு முன்னால் நீங்களும் வீட்டுக்காரரும் இதை மனப்பாடம் செய்யுங்கள்.

கற்றுக்கொள்ள வசதி ஏராளம். அரசுத் தொடக்கப்பள்ளிகளில் இரண்டிலிருந்து ஆறாம் வகுப்புக்குள் பத்து நாள் நீச்சல் பயிற்சித் திட்டம் உண்டு, மகனுக்குக் கிடைக்கும். மகள் அதைத் தாண்டிவிடுகிறாள், அதனால் அவளுக்குத் தனியாக ஏற்பாடு செய்யுங்கள். வொல்லங்காங் கடற்கரை நெடுக, பாறைகளுக்கு நடுவில் சிமெண்ட் சுவர் கட்டிய கடல்நீர்க் குளங்கள் இருக்கின்றன, கட்டணம் இல்லை. விடிகாலையில் வயதானவர்கள் நிதானமாக இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் நீந்திக்கொண்டிருப்பார்கள். கடல் ஏற்றமாக இருக்கும்போது அலை சுவரைத் தாண்டி உள்ளே வந்து விழும், பிள்ளைகள் கத்திக்கொண்டு அதில் தலையைக் கொடுப்பார்கள். கடல் கொந்தளிக்காத நாளாகப் பார்த்து, கூடவே நின்று, உப்புத் தண்ணீரின் பயத்தை அங்கே போக்கலாம். பிறகு நிப்பர்ஸ். ஐந்திலிருந்து பதின்மூன்று வயது வரையிலான பிள்ளைகளுக்குக் கடல் பாதுகாப்பு கற்றுத்தரும் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு. கடற்கரை உயிர்காப்புச் சங்கங்கள் நடத்துகின்றன. பெற்றோரும் கூட நின்று உதவுவார்கள். அந்த ஊர் மனிதர்களோடு எங்கள் குடும்பம் முதலில் பழகியது அங்கேதான்.

இங்கிருந்து கிளம்புவதற்குள் கோடை லீவில் மேட்டுப்பாளையத்திலோ கோயம்புத்தூரிலோ சொந்தக்காரர் வீட்டில் தங்கி, நல்ல பயிற்சியாளரிடம் பிள்ளைகளுக்கு மிதக்கவும் ஒரு நீளம் நீந்தவும் கற்றுக்கொடுத்துவிடுங்கள். கணக்கு டியூஷனை அங்கே போய்க்கூடப் பார்த்துக்கொள்ளலாம்.

வெயிலுக்கும் தயாராகுங்கள். பள்ளியில் தொப்பி இல்லையென்றால் வெயிலில் விளையாட விடமாட்டார்கள். நம் நிறத்துக்கு ஒன்றும் ஆகாது என்று விட்டுவிடாமல் சன்ஸ்கிரீன் பூசி அனுப்புங்கள்.

வீடு. கடல் தெரியும் வீட்டுக்கு நான் ஆசைப்பட மாட்டேன். உப்புக் காற்றில் கார், சைக்கிள், கேட் எல்லாம் துருப்பிடிக்கும், காற்று இரவெல்லாம் ஜன்னலை ஆட்டும், அதற்குத்தான் வாடகையும் அதிகம். பதினைந்து நிமிடம் நடந்தால் கடற்கரை என்கிற வீடு போதும். வாடகையை வாரக் கணக்கில் சொல்வார்கள், மாதக் கணக்கென்று நினைத்துவிடாதீர்கள். அட்வான்ஸ் நான்கு வார வாடகைக்கு மேல் வாங்கக்கூடாது என்பது சட்டம், அந்தப் பணம் அரசிடம் இருக்கும். வீடு பார்க்கப் போகும்போது குளியலறைக் கூரையையும் அலமாரியின் உள்மூலையையும் பாருங்கள். ஐப்பசி மழையில் குன்னூர் வீட்டுச் சுவரில் பூஞ்சை படியுமே, அதே கருப்புப் புள்ளி அங்கேயும் உண்டு. மேலே புதிதாகப் பெயின்ட் அடித்திருந்தால் இன்னும் கூர்ந்து பாருங்கள். பிள்ளைகளில் யாருக்காவது இளைப்பு இருந்தால் அந்த வீடு வேண்டாம்.

தமிழ்க் கூட்டம் பெரிதாக வேண்டும் என்றால் அது மேற்கு சிட்னியில், டூன்காபி, வென்ட்வொர்த்வில் பக்கம். வொல்லங்காங்கில் நம் ஆட்கள் இருக்கிறார்கள், ஆனால் தேடித்தான் சேர வேண்டும். ஆறுதல் ஹெலன்ஸ்பர்க் வெங்கடேசுவரர் கோயில். 1985-ல் குடமுழுக்கு நடந்த கோயில், காரில் அரை மணி நேரத்தில் போய்விடலாம். சிவன் சன்னதியும் உண்டு. பொங்கல், தீபாவளிக்குப் போனால் ஊர்க்காரர் யாரையாவது பார்த்துவிடலாம். வார இறுதித் தமிழ்ப் பள்ளி சிட்னியில்தான் அதிகம், ஒவ்வொரு வாரமும் அவ்வளவு தூரம் போய்வருவது சிரமம். பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வில் தமிழை ஒரு பாடமாக எடுக்க வழி இருக்கிறது, அதனால் மகளின் தமிழ்ப் புத்தகங்களை இங்கேயே விட்டுவிட்டு வராதீர்கள். எழுத்து மறந்துவிட்டால் திரும்பப் பிடிப்பது கஷ்டம்.

பிறப்புச் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ், கடைசி இரண்டு வருட ரிப்போர்ட் கார்டு, தடுப்பூசி அட்டை எல்லாவற்றையும் கைப்பையில் வையுங்கள். தடுப்பூசி விவரத்தை அந்த நாட்டுப் பதிவேட்டில் ஏற்றித் தர வேண்டும், பள்ளியில் கேட்பார்கள். அட்டையில் எழுத்து மங்கியிருந்தால் இப்போதே ஆஸ்பத்திரியில் புதிதாக எழுதி முத்திரை வாங்கிவிடுங்கள்.

வீட்டுக்காரருக்கு எந்த வகை விசா, மகள் பிறந்த மாதம் என்ன, இரண்டையும் எழுதுங்கள். எந்த வகுப்பில் சேர்ப்பார்கள், பள்ளிக் கட்டணம் வருமா என்பதைச் சேர்ந்து பார்க்கலாம்.