கல்லடி வீட்டுக்கு எந்த விலை சரி?

கேள்வி: மட்டக்களப்பு கல்லடியில் 20 பேர்ச் காணியில் 25 வருடப் பழைய கல்வீடு. அம்மா எனக்குச் சீதனமாக எழுதித் தந்தது. தரகர் சொன்ன விலையைவிட வங்கியின் மதிப்பீட்டு அறிக்கையில் நாலில் ஒரு பங்கு குறைவு. போன வருடம் தன் காசில் டைல்ஸ் பதித்துத் தந்த லண்டன் தம்பியோ இரண்டுமே குறைவு என்கிறான். யாரை நம்புவது?

பதில்: முதலில் அந்த அறிக்கையை மறுபடி எடுத்துப் பாருங்கள். சந்தைப் பெறுமதி, கட்டாய விற்பனைப் பெறுமதி என்று இரண்டு தொகை இருக்கும். கடன் கட்டாமல் போனால் வங்கி அவசரமாக விற்று எடுக்கக்கூடியது இரண்டாவது. அதைப் பார்த்துவிட்டுத்தான் பலர் பதறுகிறார்கள்.

மதிப்பீட்டாளர் காணியையும் கட்டடத்தையும் தனித்தனியாகப் பார்ப்பார். கணக்குக்காக, பேர்ச் 4 லட்சம் என்று வைத்தால் காணி 80 லட்சம். 1,200 சதுர அடி வீட்டை இன்று கட்ட சதுர அடிக்கு 10,000 ரூபாய் என்றால் 120 லட்சம். பழமைக்கு 40 வீதம் கழித்தால் 72. ஆக மொத்தம் 152 லட்சம். போன வருடம் தம்பி காசில் பதித்த டைல்ஸ் வீட்டைச் சீக்கிரம் விற்க உதவும். போட்ட காசு அப்படியே திரும்பி வராது. தம்பிக்கு இது கசக்கத்தான் செய்யும்.

சரி, அந்தப் பேர்ச் விலை எங்கிருந்து வருகிறது? உங்கள் ஒழுங்கையிலும் பக்கத்து ஒழுங்கைகளிலும் அண்மையில் உண்மையாகவே கைமாறிய காணிகளிலிருந்து. விளம்பர விலை வெறும் ஆசை. காணி உறுதியில் எழுதிய தொகையையும் அப்படியே நம்ப வேண்டாம், முத்திரை வரிக்குப் பயந்து குறைத்து எழுதுவோர் உண்டு. வாங்கியவரிடமே கேட்டு விடுங்கள். அப்புறம் உங்கள் காணிக்கு ஏற்ப கூட்டிக் குறையுங்கள்: ஒழுங்கைக்குள் லொறி வருமா, கார்த்திகை மழைக்கு முற்றத்தில் தண்ணீர் நிற்குமா, கிணறு உவரா. வாங்க வருகிறவர் மாரியில் வந்தால் இதையெல்லாம் அவரே பார்த்துவிடுவார்.

இவற்றையெல்லாம்விட எனக்கு யோசனை உங்கள் உறுதி பற்றியது. சீதனமாக எழுதும்போது பெற்றோர் சீவிய உரித்தை, அதாவது உயிரோடு இருக்கும்வரை அனுபவிக்கும் உரிமையை, தங்களுக்கு வைத்துக்கொள்வது நம் பக்கத்தில் வழமை. அப்படி எழுதியிருந்தால் அம்மாவும் சேர்ந்து கையொப்பம் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் வாங்குபவருக்கு வங்கிக் கடன் கிடைப்பது கடினம், 152 லட்சமும் தாளில்தான் இருக்கும். இன்றே உறுதியை எடுத்து ஒரு நொத்தாரிசிடம் காட்டுங்கள். தரகரிடம் விலை பேசப் போகுமுன் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.