மசக்கை வாந்தி முதல் கடைசிக்காலக் குமட்டல் வரை: கேள்வி பதில்

கே: டாக்டர், எனக்கு மூன்றாம் மாதம். தண்ணீர் குடித்தாலும் வாந்தி. "எல்லாருக்கும் வர்றதுதானே" என்கிறார் மாமியார்.

மசக்கை எல்லோருக்கும் வரலாம். தண்ணீரே தங்காதது வேறு விஷயம். சிறுநீர் குறைந்தாலோ எடை இறங்கினாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள், டிரிப்ஸ் ஏற்ற வேண்டியிருக்கும். "மனசுதான் காரணம்" என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். ஜிடிஎஃப்15 என்ற ஹார்மோன்தான் முக்கியக் காரணம் என்று 2023 டிசம்பரில் நேச்சர் என்ற அறிவியல் இதழில் ஆய்வு வந்தது. கருவும் நஞ்சுக்கொடியும் இதைத் தாயின் ரத்தத்தில் கலக்கின்றன. அது மூளைத்தண்டைத் தூண்டுகிறது. கர்ப்பத்துக்கு முன்பு யார் உடம்பில் இது குறைவோ, அவர்களுக்குத்தான் பாடு அதிகம். பழக்கமில்லாத உடம்பு, அவ்வளவுதான். பீட்டா தலசீமியா என்ற பரம்பரை ரத்தநோய் உள்ள பெண்களுக்கு எப்போதுமே இந்த ஹார்மோன் கூடுதலாக இருக்கும்; அவர்களுக்கு மசக்கை குறைவு. ஆய்வை நடத்தியவர்களில் ஒருவரான மார்லீனா ஃபெஜோ 1999-ல் இதே வாந்தியால் தன் கருவை இழந்தவர்.

கே: மாத்திரை போட்டால் குழந்தைக்கு ஊனம் வருமா?

அந்தப் பயம், மசக்கைக்குத் தரப்பட்டுக் குழந்தைகளை ஊனமாக்கிய தாலிடோமைடு என்ற மருந்து விட்டுப்போனது. 1957-ல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்து, 1961-ல் நிறுத்தப்பட்டது. (அதே மருந்து இன்று எலும்பு மஜ்ஜைப் புற்றுக்குத் தரப்படுகிறது.) மசக்கைக்கு இப்போது தரும் டாக்ஸிலமைன், வைட்டமின் பி6 கூட்டு மாத்திரை வேறு. அமெரிக்காவில் 1956-ல் வந்த அது, வழக்குகளுக்குப் பயந்து 1983-ல் நிறுத்தப்பட்டது. ஊனம் விளைவிப்பதாக ஆய்வுகளில் தெரியவில்லை. 2013-ல் மறுபடி அனுமதி கிடைத்தது. தூக்கம் வரும், அதனால் இரவில் போடச் சொல்வார்கள்.

கே: ஒண்டான்செட்ரான் என்ற வாந்தி மாத்திரை போடலாமா?

முதல் மூன்று மாதத்தில் போட்டால், வாய்ப்பிளவு பத்தாயிரம் குழந்தைகளுக்கு மூன்று கூடலாம் என்றது 2018 ஆய்வு ஒன்று. அதனால் முதலில் மேலே சொன்ன மாத்திரை, கேட்காவிட்டால் இது.

கே: அப்பாவுக்கு முற்றிய கணையப் புற்று. சோற்றைப் பார்த்தாலே ஓங்கரிக்கிறார். மசக்கை மாதிரியே இருக்கிறதே?

சரியாகக் கவனித்திருக்கிறீர்கள், தம்பி. புற்றுநோயால் மெலிபவர்கள் பலரிடமும் அதே ஜிடிஎஃப்15 கூடியிருக்கிறது. அதைத் தடுக்கும் பொன்செக்ரோமாப் ஊசியை 187 பேரிடம் சோதித்து 2024-ல் முடிவு வெளியிட்டார்கள்: அதிக அளவு பெற்றவர்கள் 12 வாரத்தில், மருந்தில்லாத போலி ஊசி பெற்றவர்களைவிடச் சுமார் 2.8 கிலோ கூடுதல் எடையோடு இருந்தார்கள். இது இரண்டாம் கட்டச் சோதனை மட்டுமே. இப்போதைக்குக் காரணத்தைத் தேடச் சொல்லுங்கள்: மலச்சிக்கலா, குடல் அடைப்பா, ரத்தத்தில் கால்சியம் கூடியதா? ஹாலோபெரிடால், மெட்டோகுளோபிரமைடு போன்ற குமட்டல் மருந்துகள் காரணத்தைப் பொறுத்துத்தான். குடல் அடைப்பு இருந்தால் மெட்டோகுளோபிரமைடு ஆகாது. வற்புறுத்தி ஊட்ட வேண்டாம். இரண்டு ஸ்பூன் கஞ்சி கேட்டால் இரண்டு ஸ்பூன்.

கே: மார்பின் ஆரம்பித்தால் சீக்கிரம் போய்விடுவாரோ?

வலிக்கேற்ற அளவில் கொடுத்தால் அப்படி ஆகாது. முதல் சில நாள் குமட்டும், அப்புறம் அடங்கும். மலச்சிக்கல் மட்டும் அடங்காது, கூடவே மலமிளக்கி வாங்கிவிடுங்கள். வலி, குமட்டல் போன்ற அவதிகளைத் தணிக்கும் பேலியேட்டிவ் கேர் டாக்டரை இப்போதே பாருங்கள், கடைசி வாரத்துக்குத் தள்ளிப்போடாதீர்கள்.