கணினிக் கேள்விகள்: விளம்பரத்தைத் தடுக்க யாரை நம்பலாம்?

சென்ற இதழில் ஆட் பிளாக்கர் பற்றி இரண்டே வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களும் வாட்ஸ்அப் கேள்விகளும் குவிந்துவிட்டதால், இந்த இதழ் முழுக்க அதற்கே. பாளையங்கோட்டையில் கணினி சர்வீஸ் கடை நடத்துகிறேன். கடைக்கு வரும் லேப்டாப்புகளில் அன்றாடம் பார்ப்பதையும் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

தினமும் காலையில் லேப்டாப்பில்தான் செய்தி படிக்கிறேன். மகன் குரோமில் ‘யூபிளாக் ஆரிஜின்’ போட்டுக் கொடுத்திருந்தான். விளம்பரத் தொல்லை இல்லாமல் நிம்மதியாக இருந்தது. திடீரென்று ஒரு நாள் ‘இனி ஆதரவு இல்லை’ என்று காட்டிவிட்டு அது அணைந்துபோனது. நான் எதையாவது மாற்றி அழுத்திவிட்டேனா?
– ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், நாமக்கல்

உங்கள் மேல் எந்தத் தப்பும் இல்லை, ஐயா. அதை அணைத்தது கூகுள்.

ஒரு செய்திப் பக்கத்தைத் திறந்தால் அந்தச் செய்தி மட்டும் வந்து இறங்குவதில்லை. உங்களுக்கு எந்த விளம்பரத்தைக் காட்டலாம் என்று ஏலம் விடும் கம்பெனிகள், நீங்கள் முன்னால் எந்தப் பக்கத்தில் இருந்தீர்கள் என்று குறித்துக்கொள்ளும் டிராக்கர்கள் என்று பல முகவரிகளுக்கு அந்தப் பக்கமே உள்ளிருந்து ஆள் அனுப்பும். யூபிளாக் ஆரிஜின் அப்படிப் போகும் ஒவ்வொரு கோரிக்கையையும் வழியிலேயே நிறுத்திப் பார்த்து, இது போகலாம், இது கூடாது என்று அந்தக் கணத்திலேயே முடிவு செய்துவந்தது. விளம்பரம் வந்த பிறகு மறைப்பது அதற்கு இரண்டாவது வேலைதான். வரவே விடாமல் செய்வதுதான் முதல் வேலை. பக்கம் சட்டென்று திறந்ததற்கும் அதுவே காரணம்.

எக்ஸ்டென்ஷன்களுக்கான (பிரவுசரோடு சேர்த்துப் போடும் யூபிளாக் ஆரிஜின் போன்ற சின்னச் செயலிகள்) விதிமுறையை கூகுள் மாற்றப்போவதாக 2018-லேயே பேச்சு வந்துவிட்டது. ‘மேனிஃபெஸ்ட் வி3’ என்று அதற்குப் பெயர். பழைய முறையில் இயங்கியவற்றை 2024-ல் அணைக்க ஆரம்பித்து 2025-ல் முடித்தார்கள். புதிய முறையில் எக்ஸ்டென்ஷன் குறுக்கே நின்று தடுக்க முடியாது. தடுக்க வேண்டியவற்றின் பட்டியலை முன்கூட்டியே பிரவுசரிடம் கொடுத்துவிட வேண்டும். மற்றதைப் பிரவுசர் பார்த்துக்கொள்ளும். பட்டியலின் நீளத்துக்கும் வரம்பு உண்டு. இது பாதுகாப்புக்காக என்கிறது கூகுள். எக்ஸ்டென்ஷன்கள் நம் இணையப் போக்குவரத்தை எட்டிப்பார்ப்பது குறையும் என்பது உண்மைதான். ஆனால் விளம்பரத்தில்தான் பெரும்பகுதி வருமானம் பார்க்கும் ஒரு நிறுவனம், விளம்பரத்தைத் தடுக்கும் கருவிக்கு இவ்வளவுதான் எல்லை என்று கோடு போடுவதை என்னால் சும்மா ஏற்றுக்கொள்ள முடியவில்லை. வீட்டுக் கணினியில் எது வரலாம், எது வரக்கூடாது என்று சொல்லும் உரிமை வீட்டுக்காரருக்குத்தான்.

நீங்கள் செய்ய வேண்டியது இது. ஃபயர்பாக்ஸ் பிரவுசரை இறக்கிக்கொள்ளுங்கள். அதில் யூபிளாக் ஆரிஜின் முன்பிருந்த முழு பலத்தோடு இன்றும் ஓடுகிறது. குரோமில் சேமித்த புக்மார்க்குகளை அங்கே கொண்டுவருவதும் எளிது. குரோமை விட மனமில்லை என்றால், யூபிளாக் ஆரிஜினை எழுதியவரே எழுதிய ‘யூபிளாக் ஆரிஜின் லைட்’ இருக்கிறது. பழையதன் அளவுக்கு வராது. செய்தி படிக்கப் போதும்.

எக்ஸ்டென்ஷன் கடையில் தேடினால் ஒரே மாதிரிப் பெயரில் ஏகப்பட்டது வருகிறது அக்கா. எல்லாமே இலவசம், எல்லாவற்றுக்கும் நாலரை நட்சத்திரம். எதைப் போடுவது?
– கல்லூரி மாணவர், கோயம்புத்தூர்

தம்பி, நிறுவும்போது ஒரு சின்னப் பெட்டி வரும் பார்த்திருப்பாய். ‘எல்லா இணையதளங்களிலும் உள்ள உன் தரவுகளைப் படிக்கவும் மாற்றவும் அனுமதி’ என்று கேட்கும். யாரும் நின்று படிப்பதில்லை. பேங்க் பக்கம், மெயில், கல்லூரி போர்ட்டல் எல்லாம் அதில் அடக்கம். வீட்டுச் சாவியைக் கொடுப்பது போலத்தான் இது. அதனால் எக்ஸ்டென்ஷனின் அழகைப் பார்க்காதே, ஆளைப் பார்.

2018-ல் குரோம் கடையில் 5 போலி ஆட் பிளாக்கர்களை, தானும் ஆட் பிளாக்கர் தயாரிக்கும் அட்கார்ட் நிறுவனம் கண்டுபிடித்துச் சொன்னது. பிரபலமான பெயர்களை லேசாக மாற்றி வைத்திருந்தார்கள். அதற்குள் 2 கோடிக்கும் மேலான பயனர்கள் நிறுவியிருந்தார்கள். மறுவருஷமே இன்னும் இரண்டு மாட்டின. அவை விளம்பரத்தை உண்மையாகவே தடுத்தன. கூடவே, நாம் ஏதாவது வாங்கினால் அதற்கான கமிஷன் தங்களுக்குப் போகும்படி பின்னால் வேலை செய்துகொண்டிருந்தன. வேலை ஒழுங்காக நடந்ததால் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை.

எனக்கு இன்னும் ஆறாதது 2020 அக்டோபரில் நடந்தது. ‘நானோ ஆட்பிளாக்கர்’, ‘நானோ டிஃபெண்டர்’ என்று நல்ல பெயர் எடுத்த இரண்டு எக்ஸ்டென்ஷன்கள் இருந்தன. எழுதியவருக்கு நேரமில்லை என்று வேறு ஆட்களிடம் விற்றுவிட்டார். அடுத்த அப்டேட்டிலேயே உளவு பார்க்கும் நிரல் வரிகள் உள்ளே வந்துவிட்டன. தாங்கள் பார்த்தே இராத இன்ஸ்டாகிராம் படங்களுக்குத் தங்கள் கணக்கிலிருந்து லைக் போயிருப்பதைப் பயனர்கள் கண்டார்கள். புதிதாக எதையும் நிறுவாதவர்களுக்கு வந்த கேடு இது. நம்பிப் போட்டது, ஒரே இரவில் கைமாறிவிட்டது.

அந்தப் புதிய வரிகளைப் பிரித்துப் படித்து ஊருக்குச் சொன்னவர்களில் ஒருவர் ரேமண்ட் ஹில். கனடாக்காரர். யூபிளாக் ஆரிஜினை எழுதியவர் அவர்தான். 2014-ல் யூபிளாக்கை வெளியிட்டார். மறுவருஷம் இன்னொருவரிடம் ஒப்படைத்தார். அங்கே நன்கொடை வசூல் தொடங்கியதும், தன் வழியில் ‘ஆரிஜின்’ என்று சேர்த்துத் தனியாக நடத்த ஆரம்பித்தார். நன்கொடை வாங்குவதில்லை என்பதில் இன்றுவரை பிடிவாதம். மூல நிரல் முழுவதும், நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் திறந்து கிடக்கிறது, யார் வேண்டுமானாலும் படித்துப் பார்க்கலாம். இந்த மனிதர் மேல் எனக்கு மரியாதை அதிகம், மறைக்கவில்லை. நிறுவும்போது பெயரில் ‘ஆரிஜின்’ இருக்கிறதா, எழுதியவர் ரேமண்ட் ஹில்தானா என்று இரண்டையும் பார். ‘யூபிளாக்’ என்று மொட்டையாக இருப்பதற்கும் அவருக்கும் சம்பந்தமில்லை.

உன் பிரவுசரில் இப்போதே எத்தனை எக்ஸ்டென்ஷன் இருக்கிறது என்றும் ஒருமுறை திறந்து பார். எதற்குப் போட்டோம் என்று ஞாபகம் வராத எதையும் நீக்கிவிடு.

நீங்கள் சொன்னதைத்தான் போட்டிருக்கிறேன். ஆனாலும் திரையின் வலது கீழ் மூலையில் ‘உங்கள் கணினியில் வைரஸ்’ என்று சிவப்பு எழுத்தில் வந்துகொண்டே இருக்கிறது. துணி தைக்கும் பில் போட முடியவில்லை. ஆன்ட்டிவைரஸ் வாங்கணுமா?
– டெய்லர் கடை உரிமையாளர், சங்கரன்கோவில்

ஒரு ரூபாய்கூடச் செலவு செய்ய வேண்டாம், அண்ணே. ‘வைரஸ்’ என்று சொல்லி என் கடைக்கு வரும் லேப்டாப்புகளில் அடிக்கடி பார்ப்பது இதைத்தான். உள்ளே வைரஸும் இருக்காது, அது பக்கத்தில் வரும் விளம்பரமும் கிடையாது. அது நோட்டிஃபிகேஷன். என்றோ ஒரு நாள் படமோ பாட்டோ இறக்கப்போன இடத்தில், ‘நீங்கள் ரோபோ இல்லை என்றால் அனுமதி என்பதை அழுத்தவும்’ என்று கேட்டிருப்பார்கள். அழுத்தியிருப்பீர்கள். அன்றிலிருந்து அந்தத் தளத்துக்கு உங்கள் திரை மூலையில் எழுதும் உரிமை வந்துவிட்டது. நீங்களே கொடுத்த அனுமதி என்பதால் ஆட் பிளாக்கர் அதில் தலையிடாது.

குரோமில் மேலே வலது பக்கம் மூன்று புள்ளி இருக்கும். அதைத் தொட்டு செட்டிங்ஸ், அதில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, அதில் சைட் செட்டிங்ஸ், அதில் நோட்டிஃபிகேஷன்ஸ். உள்ளே போனால் அனுமதி வாங்கிய தளங்கள் வரிசையாக நிற்கும். பெயரே வாயில் நுழையாத நாலைந்து நிச்சயம் இருக்கும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் இருக்கும் மூன்று புள்ளியைத் தொட்டு ‘ரிமூவ்’ கொடுங்கள். அதே பக்கத்தில் இனிமேல் எந்தத் தளமும் கேட்கவே கூடாது என்று வைக்கவும் வழி உண்டு. வைத்துவிடுங்கள். அந்தச் சிவப்புப் பெட்டி வந்தால் அதற்குள் மட்டும் அழுத்திவிடாதீர்கள்.

பேங்க் கஸ்டமர் கேர் நம்பரை கூகுளில் தேடி, முதலில் வந்ததைக் கூப்பிட்டேன். போனில் ஒரு ஆப் போடச் சொன்னார்கள். கணக்கில் இருந்த பணம் போய்விட்டது. முதலில் வந்தது விளம்பரம் என்று பிறகுதான் தெரிந்தது. ஆட் பிளாக்கர் இருந்திருந்தால் தப்பித்திருப்பேனா?
– வாசகி, காரைக்குடி

படித்ததும் மனசு கனத்துவிட்டது, அம்மா. முதலில் 1930 என்ற எண்ணுக்குக் கூப்பிட்டுப் புகார் கொடுத்துவிட்டீர்களா? இல்லையென்றால் இந்தப் பக்கத்தை மூடிவைத்துவிட்டு இப்போதே செய்யுங்கள். சைபர் மோசடிக்கென்று மத்திய அரசு வைத்திருக்கும் எண் அது. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, பணம் கைமாறும் முன் நிறுத்திவைக்க அவ்வளவு வாய்ப்பு.

தேடலில் மேலே வருவது பணம் கட்டி வாங்கிய இடம். ‘ஸ்பான்சர்டு’ என்று சின்னதாகத்தான் போட்டிருக்கும். அவசரத்தில் யார் கண்ணுக்கும் படாது. அமெரிக்காவின் எஃப்பிஐ 2022 டிசம்பரில் இதைப் பற்றியே ஒரு எச்சரிக்கை விட்டது. மோசடிக்காரர்கள் பெரிய நிறுவனங்களின் பெயரில் தேடல் விளம்பரம் கொடுக்கிறார்கள், அதனால் இணையத்தில் தேடும்போது ஆட் பிளாக்கர் எக்ஸ்டென்ஷன் பயன்படுத்துங்கள் என்று அதில் சொல்லியிருந்தது. போலீஸ்காரர்களே சொல்லும் அளவுக்குப் போய்விட்டது நிலைமை.

பிளாக்கர் இருந்திருந்தால் அந்த விளம்பரம் பெரும்பாலும் உங்கள் கண்ணில் பட்டிருக்காது. ஆனால் பொய் எண்கள் விளம்பரம் அல்லாத முடிவுகளிலும் வருகின்றன. பேங்க் எண் வேண்டுமென்றால் ஏடிஎம் கார்டின் பின்பக்கம் பாருங்கள், பாஸ்புக்கில் பாருங்கள். தேடவே தேடாதீர்கள். போனில் பேசுகிறவர் எந்த ஆப்பைப் போடச் சொன்னாலும் அந்த நிமிஷமே வைத்துவிடுங்கள்.

சமையல் குறிப்பு இணையதளம் நடத்துகிறேன். மாதாமாதம் விளம்பரத்தில் வரும் பணம்தான் எனக்கு வருமானம். எல்லாரையும் பிளாக்கர் போடச் சொல்கிறீர்களே, என்னைப் போன்றவர்கள் என்ன செய்வது?
– வாசகி, மதுரை

உங்கள் கேள்விக்கு மட்டும் ரொம்ப நேரம் யோசித்தேன். உங்கள் உழைப்புக்குக் காசு வர வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. இந்தப் பத்திரிகையும் விளம்பரம் வாங்கித்தான் நடக்கிறது.

ஆனால் பத்திரிகையின் பின்னட்டையில் வரும் நகைக்கடை விளம்பரம், நீங்கள் பக்கத்தைத் திருப்பியதும் அங்கேயே நின்றுவிடுகிறது. நீங்கள் யார், என்ன வயசு, நேற்று எந்த மாத்திரையைத் தேடினீர்கள் என்று அது குறித்துக்கொள்வதில்லை. 1994 அக்டோபரில் ஹாட்வயர்டு என்ற தளத்தில் இணையத்தின் முதல் பேனர் விளம்பரங்கள் வந்தபோது அவையும் அப்படித்தான், ஒரு நீளப் பட்டை, அவ்வளவே. வாசகர் வெறுப்பது அந்தப் பட்டையை அல்ல. பின்னாலேயே வரும் கண்களையும், மூட முடியாத ஜன்னலையும், தானாகச் சத்தம் போடும் வீடியோவையும்தான். அதற்கான பழியை உங்களைப் போன்ற சின்னத் தளங்கள் சுமக்கின்றன.

நடுவழி ஒன்றும் இருக்கிறது. ஆட்பிளாக் பிளஸ் என்ற இன்னொரு தடுப்பானை நடத்தும் ஜெர்மனியின் ‘ஐயோ’ (eyeo) நிறுவனம், 2011-ல் ‘ஏற்கத்தக்க விளம்பரங்கள்’ என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. தொந்தரவு செய்யாதவற்றை மட்டும் அனுமதிப்பார்கள். பெரிய நிறுவனங்களிடம் அதற்குப் பணமும் வாங்குவார்கள். ஆக்ஸல் ஸ்பிரிங்கர் என்ற பத்திரிகைக் குழுமம் வழக்குப் போட்டு, இது நியாயமற்ற போட்டி அல்ல என்று 2018-ல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றத்தில் தீர்ப்பானது. எனக்கு அந்தத் திட்டம் பிடிக்கவில்லை. வாசகருக்காக வாசலில் நிற்பவர், உள்ளே வருகிறவரிடம் காசு வாங்கக்கூடாது.

உங்களுக்கு நான் சொல்வது: மிக்ஸி, கிரைண்டர் விற்கும் கடை, மசாலா கம்பெனி என்று உங்கள் ஊரிலேயே நேரில் பேசி, அவர்கள் படத்தை உங்கள் தளத்திலேயே ஏற்றிப் போடுங்கள். தடுப்புப் பட்டியல்கள் முக்கியமாகக் குறிவைப்பது விளம்பர நெட்வொர்க்குகளின் முகவரிகளைத்தான், உங்கள் சொந்தப் படத்துக்குச் சிக்கல் குறைவு. வாசகர்களுக்கு நான் சொல்வது: நீங்கள் அடிக்கடி போகும் நல்ல தளங்களில் பிளாக்கர் ஐகானைத் தொட்டு, பெரிய பவர் பட்டனை ஒருமுறை அழுத்துங்கள். அந்தத் தளத்துக்கு மட்டும் அணைந்துவிடும். சந்தா வைத்திருக்கும் தளமென்றால் சந்தா கட்டுங்கள். நான் கட்டுகிறேன்.

பிளாக்கர் போட்ட பிறகு தேர்வு விண்ணப்பப் பக்கம் வெள்ளையாக நிற்கிறது.
– வாசகர், விழுப்புரம்

மேலே சொன்ன அதே பவர் பட்டன். அழுத்திவிட்டுப் பக்கத்தைத் திரும்ப ஏற்றுங்கள்.

அம்மாவுக்குப் போன் மட்டும்தான். போனில் வழி உண்டா?
– வாசகி, தஞ்சாவூர்

ஆண்ட்ராய்டு குரோமில் எக்ஸ்டென்ஷன் போட முடியாது. ஆண்ட்ராய்டு ஃபயர்பாக்ஸில் முடியும், யூபிளாக் ஆரிஜினே அங்கே கிடைக்கும். அதைப் போட்டு, முகப்பில் குரோம் இருந்த இடத்தில் ஃபயர்பாக்ஸை வைத்துவிடுங்கள். அம்மாவுக்கு வித்தியாசம் தெரியாது. ஐபோன் என்றால் சஃபாரிக்கான தடுப்பான்கள் ஆப் ஸ்டோரில் உண்டு.

ஆப்களுக்குள் வரும் விளம்பரத்துக்கு பிரவுசர் எக்ஸ்டென்ஷன் உதவாது. ஆண்ட்ராய்டு 9-லிருந்து ‘பிரைவேட் டிஎன்எஸ்’ என்று ஒரு செட்டிங் இருக்கிறது. டிஎன்எஸ் என்பது தளத்தின் பெயரைக் கொடுத்தால் அதன் இணைய முகவரியைத் தேடிக்கொடுக்கும் சேவை. விளம்பரத்தைத் தடுக்கும் டிஎன்எஸ் முகவரியை அங்கே கொடுத்தால் பல ஆப்களில் குறையும், யூடியூப் ஆப்பில் குறையாது. ஆனால் நீங்கள் போகும் தளங்களின் பெயர்கள் அந்த டிஎன்எஸ் நடத்துபவருக்குத் தெரியும் என்பதால் அங்கேயும் ஆளைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். பொது இடத்து வைஃபையில் லாகின் பக்கம் வராமல் மக்கர் செய்தால் அந்த செட்டிங்கைச் சிறிது நேரம் ‘ஆட்டோமேட்டிக்’ என்று மாற்றிக்கொள்ளச் சொல்லிக்கொடுங்கள்.