அடகு விலையைக் காப்புறுதிப் படிவத்தில் எழுதாதீர்கள்

கேள்வி: ஐயா, நான் திருகோணமலை உவர்மலையில் இருக்கும் ஆசிரியை. நிச்சயதார்த்தத்துக்குக் கனடாவிலிருந்து வந்த என் வருங்காலக் கணவர் ஒரு வைர மோதிரம் போட்டார். 18 கரட் தங்கம், மூன்றரைக் கிராம், நடுவில் அரைக் கரட் எடையுள்ள கல். பற்றுச்சீட்டு நம் காசுக்கு ஆறரை இலட்சம். வீட்டுக் காப்புறுதியில் சேர்க்கப் போனால் மதிப்பீட்டுச் சான்றிதழ் கேட்கிறார்கள். டவுனில் எங்களுக்குப் பழக்கமான நகைக்கடைக்காரர் நிறுத்துப் பார்த்து, "தொண்ணூறாயிரம் போகும்" என்றார். அன்றிலிருந்து அம்மாவுக்கு நித்திரையில்லை. நாங்கள் ஏமாந்துவிட்டோமா? எந்தத் தொகையை எழுதுவது?

பதில்: தங்கச்சி, முதலில் அம்மாவை ஆறுதலாக நித்திரை கொள்ளச் சொல்லுங்கள். அந்தத் தொண்ணூறாயிரத்தை வைத்து ஏமாந்துவிட்டீர்கள் என்று சொல்ல முடியாது. கடைக்காரர் சொன்னது தங்கத்தின் விலையை. நம் ஊரில் நகை என்றால் பவுண் கணக்குத்தானே. அடகு வைக்கப் போனாலும் கல்லின் எடையைக் கழித்துவிட்டுத்தான் பணம் தருவார்கள். 18 கரட் என்றால் நூற்றுக்கு 75 பங்கு மட்டுமே தங்கம். உங்கள் மோதிரத்தில் இருக்கும் தங்கம், 22 கரட் பவுண் ஒன்றில் இருப்பதன் மூன்றிலொன்றைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். வைரமும் செய்கூலியும் அந்தக் கணக்குக்குள் வரவேயில்லை.

காப்புறுதிக்கு வேண்டியது வேறு விலை. இந்த மோதிரம் நாளைக்குத் தொலைந்தால், இதே தரத்தில் இன்னொன்றைக் கடையில் வாங்க எவ்வளவு செல்லும்? அதுதான் மாற்றுப் பெறுமதி. குறைத்து எழுதினால் என்ன நடக்கும் என்று பாருங்கள். ஆறு இலட்சம் பெறுமதியான மோதிரத்தை நான்கு இலட்சத்துக்குப் பதிகிறீர்கள். கல் விழுந்து 90,000 ரூபாய் செலவாகிறது. ஒப்பந்தத்தில் சராசரி விதி, அதாவது குறைத்துப் பதிந்த விகிதத்திலேயே இழப்பீடும் குறையும் என்ற விதி, இருந்தால் 60,000தான் கைக்கு வரும். கூட்டி எழுதுவதிலும் இலாபமில்லை. கட்டுப்பணம் ஏறும், ஆனால் இழப்பீடு உண்மையான மாற்றுச் செலவைத் தாண்டாது. அதனால்தான், மோதிரத்தின் பெறுமதியில் நூற்றுக்கு இத்தனை என்று கூலி கேட்கும் மதிப்பீட்டாளரிடம் போகாதீர்கள் என்கிறேன்; தொகையைக் கூட்டினால் அவர் கூலியும் கூடுமே. நிலையான கூலி வாங்குபவராக, உங்களிடம் நகை விற்கவோ வாங்கவோ நினைக்காதவராக இருக்கட்டும். யாருடைய சான்றிதழை ஏற்பார்கள் என்று காப்புறுதி நிறுவனத்திடமே முன்கூட்டிக் கேளுங்கள்.

சான்றிதழில் உலோகத்தின் தூய்மை, எடை, கல்லின் அளவு, நிறம், தெளிவு, வெட்டு, படங்கள், திகதி, கையொப்பம் எல்லாம் வேண்டும். இவற்றைவிட முக்கியம், வைரம் இயற்கையானதா, ஆய்வுகூடத்தில் வளர்த்ததா என்ற ஒரு வரி. இரண்டுக்கும் விலையில் பெரிய வித்தியாசம். உருப்பெருக்கிக் கண்ணாடியால் மட்டும் பார்த்து இதை உறுதியாகச் சொல்ல முடியாது, கருவி வேண்டும். கொழும்பில் தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபையின் ஆய்வுகூடம் இருக்கிறது. ஆனால் ஆய்வு அறிக்கை கல் எதுவென்று சொல்லும், விலையைச் சொல்லாது. வைரங்களைத் தரம் பிரிக்கும் அமெரிக்க நிறுவனமான ஜி.ஐ.ஏ. தரும் தர அறிக்கையும் அப்படித்தான். மோதிரத்தோடு அப்படி ஓர் அறிக்கை வந்ததா என்று உங்கள் வருங்காலக் கணவரிடம் இன்றைக்கே கேளுங்கள். வந்திருந்தால் அதன் இலக்கம் கல்லின் விளிம்பில் பொறிக்கப்பட்டிருக்கவும் கூடும். மதிப்பீட்டாளர் அதை உங்களுக்குக் காட்டட்டும். மோதிரத்தை விட்டுவிட்டு வராமல், வேலை முடியும்வரை பக்கத்திலேயே இருங்கள்.

ஆறரை இலட்சப் பற்றுச்சீட்டைப் பத்திரமாக வையுங்கள், ஆனால் அதையே நம்பியிருக்க வேண்டாம். 2021 இல் டொலர் 200 ரூபாய் அளவில் இருந்தபோது மதிப்பிட்ட நகைகள் அடுத்த வருடமே 360 ரூபாய் டொலரைக் கண்டன. பழைய தொகையிலேயே விட்டிருந்தவர்களின் காப்புறுதி ஏறக்குறையப் பாதியாகச் சுருங்கியது. ஆகவே ஒவ்வொரு புதுப்பித்தலிலும் தொகையைப் பாருங்கள்.

இன்னொன்று, எனக்கு மிகவும் கவலை தரும் விடயம். வீட்டுக் காப்புறுதி பெரும்பாலும் வீட்டுக்குள் நடக்கும் தீ, களவுக்கு மட்டுமே. நிலாவெளியில் குளிக்கும்போது விரல் குளிர்ந்து சுருங்கி மோதிரம் கழன்று போனால் அது உதவாது. 'சகல ஆபத்துகளுக்கும்' என்ற விரிவாக்கம் உண்டா, மோதிரம் தனிப் பொருளாகப் பெயர் சொல்லிப் பதியப்படுமா, ஒரு நகைக்கு உச்ச வரம்பு எவ்வளவு என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். அதுவரை கடலுக்குப் போகிற நாட்களில் மோதிரம் வீட்டு அலுமாரியில் இருக்கட்டும்.