கழுத்துக் கட்டி அறுவைக்குப் பின் கார்டு கடன்: எஃப்டியை உடைக்க வேண்டுமா?

கேள்வி: பெங்களூரு அல்சூரில் வசிக்கிறேன், வயது 34. கால் சென்டரில் வாய்ஸ் பிராசஸில், அதாவது நாள் முழுக்க ஃபோனில் பேசும் வேலை. மூன்று வாரங்களுக்கு முன் தொண்டையில் இருந்த தைரோகுளோசல் நீர்க்கட்டியை (கழுத்தின் முன்பக்கம் வரும் ஒருவகைக் கட்டி) அறுவை செய்து எடுத்தார்கள். அலுவலகக் காப்பீடு பெரும்பகுதியைக் கட்டிவிட்டது. ஆனால் மீதித் தொகை, டிஸ்சார்ஜுக்குப் பின் மருந்து, திசுப் பரிசோதனை என்று கிரெடிட் கார்டில் ரூ.48,000 நிற்கிறது, மாத வட்டி 3.5%. இப்போது சம்பளமில்லா விடுப்பு. மகளின் பள்ளிச் சேர்க்கைக்கென 7% வட்டியில் ரூ.2 லட்சம் எஃப்டி இருக்கிறது. குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டி வரலாமா?

பதில்: கூடாது. குறைந்தபட்சத் தொகை 5% என்று வைத்துக்கொண்டால் மாதம் ரூ.2,400 கட்டுவீர்கள், அதில் வட்டி ரூ.1,680, அதன் மேல் 18% ஜிஎஸ்டி சுமார் ரூ.302 போக, அசலில் குறைவது ஏறத்தாழ ரூ.418 மட்டுமே. எஃப்டியையும் உடைக்க வேண்டாம். அதன் மீதே வங்கியில் கடன் கேளுங்கள். பொதுவாக எஃப்டி வட்டியைவிட ஒன்றிரண்டு சதவீதம்தான் கூடுதல். 9% என்றாலும் ரூ.48,000-க்கு மாத வட்டி ரூ.360. கார்டை முழுவதும் அடைத்துவிட்டு, சம்பளம் வந்ததும் இதைத் தீர்க்கலாம்.

அடுத்தது, பலரும் கைவிட்டுவிடும் பணம். காப்பீட்டு நிறுவனமே மருத்துவமனைக்கு நேரடியாகக் கட்டும் கேஷ்லெஸ் முடிந்ததோடு கிளெய்மும் முடிந்துவிட்டதாக நினைக்கிறார்கள். பெரும்பாலான பாலிசிகளில் டிஸ்சார்ஜுக்குப் பின் 60 நாள் வரையிலான, அதே நோய் சார்ந்த மருந்து, பரிசோதனை, மருத்துவர் கட்டணம் திரும்பக் கிடைக்கும். உங்கள் பாலிசியில் எத்தனை நாள், எப்போதுக்குள் அனுப்ப வேண்டும் என்பதை எச்ஆரிடம் இன்றே கேளுங்கள். மருந்துக்கடை பில் ஒவ்வொன்றுடனும் மருத்துவரின் சீட்டு, திசுப் பரிசோதனை பில்லுடன் அதன் அறிக்கை, டிஸ்சார்ஜ் சம்மரி நகல் ஆகியவற்றை இணையுங்கள். சீட்டில்லாத பில்லைத்தான் முதலில் தள்ளுவார்கள். கையுறை, முகக்கவசம் போன்றவற்றுக்கு மருத்துவமனை உங்களிடம் வாங்கிய தொகை பெரும்பாலும் திரும்பாது. அதன் பின்னால் அலைய வேண்டாம். நியாயமான கிளெய்மை மறுத்தால் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். ஒரு மாதத்தில் தீராவிட்டால் ஜே.பி. நகரிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம்.

வேலையை விடும் எண்ணம் இருந்தால், அதற்கு முன்பே அலுவலகம் தந்த குழுக் காப்பீட்டைத் தனிநபர் பாலிசியாக மாற்ற விண்ணப்பியுங்கள். புதிதாக வேறு பாலிசி எடுத்தால் இந்த அறுவையைக் கட்டாயம் சொல்லியாக வேண்டும். ஏற்கெனவே இருந்த நோய்க்கு 36 மாதம் வரை காத்திருக்க வைக்கலாம்.

தொண்டையை எப்போது முழுநேரம் பயன்படுத்தலாம் என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். அதை அவரிடம் எழுதி வாங்கி, ஒரு மாதம், பேசாமல் தட்டச்சிலேயே பதில் தரும் சாட் பிராசஸுக்கு மாற்றித் தருமாறு மேலாளரிடம் கேளுங்கள். சம்பளமில்லா விடுப்பை நீட்டிப்பதைவிட அதுவே மலிவு.