ஜெபத்தில் உட்கார்ந்தால் கை போனுக்குப் போகிறது

கேள்வி:

நான் மதுரையில் ஒரு வங்கியில் காசாளராக இருக்கிறேன். வயது 36, இரண்டு பிள்ளைகள். சொந்த ஊர் தூத்துக்குடி மாவட்டம். சின்ன வயதில் அம்மா காலை ஐந்து மணிக்கே எழுப்பிப் பாயில் உட்காரவைத்து ஒரு சங்கீதமாவது வாசிக்க வைப்பார்கள். இப்போது எனக்கு வேதாகமமும் போனில்தான். ஓர் அதிகாரத்தைத் திறப்பதற்குள் வாட்ஸ்அப் வந்துவிடுகிறது, அப்புறம் ரீல்ஸ். நிமிர்ந்து பார்த்தால் முக்கால் மணி நேரம் போயிருக்கும். ஆலயத்தில் பிரசங்கம் நடக்கும்போது மனம் வீட்டுக்கடன் தவணையில் நிற்கிறது. அம்மா இறந்து இரண்டு வருடம் ஆகிறது. கடைசி எட்டு மாதம் படுத்த படுக்கையாக ஊரில் அக்கா வீட்டில் இருந்தார்கள். செலவுக்குப் பணம் அனுப்பியது நான். அடக்கம் முடிந்த மறுநாள் அம்மாவின் சங்கிலி விஷயத்தில் அக்காவோடு பேச்சு முறிந்துவிட்டது. கண்ணை மூடினால் அந்த ஞாபகம் வேறு வந்து கெடுக்கிறது, உடனே போனை எடுத்துவிடுகிறேன். அப்போஸ்தலன் பவுலை விட்டுப்போன தேமாவைப் போல நானும் உலகத்தின்மேல் ஆசைவைத்து, விசுவாசத்தை விட்டு விலகிப் பின்மாற்றத்தில் போய்விட்டேனோ என்று பயமாக இருக்கிறது. வேலையை விட்டுவிட்டு முழுநேர ஊழியத்துக்கு வந்துவிட்டால் தேவனுக்கு உண்மையாக இருக்க முடியுமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மதுரை

பதில்:

அன்புச் சகோதரி, முதலில் தேமாவை விட்டுவிடுங்கள். பவுல் சிறையில் தன் முடிவுக்காகக் காத்திருக்கிற நேரத்தில் அவரை விட்டுவிட்டுத் தெசலோனிக்கேவுக்குப் போனவன் அவன். போனதற்காக அவன் வருத்தப்பட்டதாக வேதத்தில் எங்கும் இல்லை. நீங்களோ பயந்துபோய் இரண்டு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறீர்கள். இரண்டாம் தீமோத்தேயுவில் அந்த வசனத்தைப் பிடித்துக்கொண்ட நீங்கள் அடுத்த வசனத்தையும் வாசித்திருக்கலாம். ‘மாற்குவை உன்னோடே கூட்டிக்கொண்டுவா’ என்று அங்கே பவுல் எழுதுகிறார். இந்த மாற்கு பவுலோடு போன முதல் ஊழியப் பயணத்திலேயே பம்பிலியாவில் ஊழியத்தைப் பாதியில் விட்டுவிட்டு எருசலேமுக்குத் திரும்பினவன். அவனை மறுபடியும் சேர்த்துக்கொள்வதா வேண்டாமா என்று பவுலும் அவரோடு ஊழியம் செய்த பர்னபாவும் சண்டை போட்டுப் பிரிந்தே போனார்கள். அவனைத்தான் கடைசியில் ‘எனக்குப் பிரயோஜனமுள்ளவன்’ என்கிறார். பிலேமோன் நிருபத்தில் மாற்கின் பேரும் தேமாவின் பேரும் ஒரே வசனத்தில் உடன்வேலையாட்களாக வருகின்றன. ஒப்பிட்டுப் பார்த்தே ஆகவேண்டும் என்றால் மாற்கோடு பார்த்துக்கொள்ளுங்கள்.

போன் விஷயத்தை நீட்டப் போவதில்லை. கடையில் போய் ஒரு அச்சு வேதாகமமும், மணி அடிக்கிற சாதாரண அலாரம் கடிகாரமும் வாங்குங்கள். ராத்திரி போனை ஹாலில் சார்ஜ் போட்டுவிட்டுப் படுக்கையறைக் கதவைச் சாத்துங்கள். காலையில் வேதாகமத்துக்குப் பக்கத்தில் ஒரு துண்டுத்தாளும் பேனாவும் இருக்கட்டும். கேஸ் புக் பண்ணவேண்டும், வேன் ஃபீஸ் கட்டவேண்டும் என்று நினைவுக்கு வருவதை அதில் எழுதிவிட்டு விட்ட இடத்துக்கு வாருங்கள். நேரம் இல்லாத நாளில் நூற்றுப்பதினேழாம் சங்கீதம் போதும், இரண்டே வசனம். பிள்ளைகளையும் கூட உட்காரவைத்தால் அவர்களும் ஒரு வாரத்தில் மனப்பாடமாகச் சொல்லிவிடுவார்கள். பிரசங்க நேரத்தில் கடன் தவணை ஞாபகம் வருவதை எல்லாம் பெரிய பாவமாக எண்ண வேண்டாம். மாதம் பிறந்தால் தவணை கட்டித்தானே ஆகவேண்டும்!

அடுத்தது வேலை. ஊழியத்துக்கு வந்துவிட்டால் மனம் அலையாது என்று நினைக்கிறீர்கள். நாலாம் நூற்றாண்டில் எகிப்து பாலைவனத்தில் எவாக்ரியுஸ் என்று ஒரு துறவி இருந்தார். கான்ஸ்தாந்திநோபிளில் பேரும் செல்வாக்கும் இருந்தும் அத்தனையையும் விட்டுவிட்டு மணலுக்கு நடுவே ஒரு சிற்றறையில் போய் உட்கார்ந்தவர். நண்பகலில் துறவியைப் பிடிக்கிற ஒரு சோர்வைப் பற்றி அவர் எழுதியிருப்பதை இன்று வாசித்தால் சிரிப்பு வரும். சூரியன் நகரவே நகராதாம். ஒரு பகலுக்கு ஐம்பது மணி நேரம் இருப்பதுபோலத் தோன்றுமாம். ஜன்னலை எட்டிப் பார்க்கச் சொல்லுமாம், சாப்பாட்டு வேளை ஆகிவிட்டதா, யாராவது சகோதரர் பார்க்க வருகிறாரா என்று. அங்கே கையில் போனா இருந்தது? ஜன்னல் இருந்தது, போதுமானதாக இருந்தது.

அதோடு நிற்கவில்லை. அந்தச் சோர்வு முற்றும்போது, ‘இந்த இடம் சரியில்லை, இந்த வேலை சரியில்லை, வேறு இடத்துக்குப் போனால் சுலபமாகப் பிழைக்கலாம், தேவனை எங்கே இருந்தாலும் பிரியப்படுத்தலாமே’ என்று பேச ஆரம்பிக்குமாம். வேதவசனம் போலவே பேசும் என்பதுதான் அதில் விசேஷம். உங்கள் ராஜினாமா யோசனையும் அந்த வகை என்றுதான் எனக்குப் படுகிறது. முழுநேர ஊழியத்துக்கு அழைப்பு என்று ஒன்று உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் காலை ஜெபம் சரிப்படவில்லை என்பதற்காக வருகிற ஊழியத்தில், ஆறு மாதத்தில் அந்த ஜெபமும் ஒரு ஆபீஸ் வேலையாக மாறிவிடும். ஊழியக்காரர் வீட்டிலும் போன் இருக்கிறது, கடன் தவணை இருக்கிறது.

வேலையிலிருந்துகொண்டே ஜெபிப்பது எப்படி என்பதற்கு நெகேமியா இருக்கிறார். சூசான் அரண்மனையில் பெர்சிய ராஜாவுக்குத் திராட்சரசம் எடுத்துக் கொடுக்கிற வேலை. ராஜா, ‘நீ கேட்கிற காரியம் என்ன’ என்று கேட்கிறான். பதில் சொல்வதற்கு முன்னால் நெகேமியா பரலோகத்தின் தேவனை நோக்கி ஜெபம்பண்ணியதாக எழுதுகிறார். ராஜா கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருக்கும்போது எவ்வளவு நேரம் கிடைத்திருக்கும்? உங்கள் கவுண்டரில் நோட்டு எண்ணுகிற மெஷின் ஓடி முடிகிற நேரம் இருக்குமா? அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு நொடி ஜெபத்துக்குப் பின்னால் கிஸ்லேவ் மாதத்திலிருந்து நிசான் வரைக்கும் நாலு மாதம் அழுதும் உபவாசித்தும் அவர் செய்த ஜெபம் இருந்தது. இதைச் சொல்லாமல் முதல் பாதியை மட்டும் சொல்லி ஆறுதல் தருகிற பிரசங்கங்கள் நிறைய வருகின்றன. காலையில் பத்து நிமிஷம் உட்காராமல் கவுண்டர் ஜெபம் மட்டும் ஓடாது.

சரி, இனி விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் போன், ரீல்ஸ், தவணை, வேலை எல்லாவற்றையும் விரிவாக எழுதிவிட்டு, அக்காவைப் பற்றி மட்டும் ‘அந்த ஞாபகம் வேறு வந்து கெடுக்கிறது’ என்று போகிறபோக்கில் சொல்லியிருக்கிறீர்கள். அதற்கு அடுத்து எழுதியது: ‘உடனே போனை எடுத்துவிடுகிறேன்’. உங்கள் வரிசையிலேயே படித்துப் பாருங்கள். போன் உங்களை ஜெபத்திலிருந்து இழுத்துக்கொண்டு போகவில்லை. ஜெபத்தில் அக்கா முகம் வந்ததும் நீங்கள் எழுந்து ஓடி ஒளிகிற இடம் அது. ஜெபத்துக்கு இடைஞ்சல் என்று நீங்கள் எழுதியிருக்கிற எல்லாவற்றிலும், இது ஒன்று மட்டும் இடைஞ்சலே இல்லை. இரண்டு வருடமாக ஆண்டவர் உங்களிடம் பேசிக்கொண்டிருக்கிற விஷயமே இதுதான் என்பது என் அபிப்பிராயம்.

மத்தேயு ஐந்தாம் அதிகாரத்தில் இதை இயேசுவே சொல்லியிருக்கிறார். பலிபீடத்தண்டையில் காணிக்கையோடு நிற்கும்போது உன் சகோதரனுக்கு உன்பேரில் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் ஒப்புரவாகி வா என்கிறார். நினைவு வருகிற இடம் பலிபீடம் என்பதைக் கவனியுங்கள். வீட்டில் வரவில்லை, சந்தையில் வரவில்லை. இதைக் கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பலர் கலிலேயா ஜனங்கள். பலிபீடம் இருந்ததோ எருசலேமில், நூறு கிலோமீட்டருக்கும் மேலே. பண்டிகைக்கு நாள்கணக்கில் நடந்து வந்து, கூட்டத்தில் நின்று, முறை வருகிற நேரத்தில் ஊரில் இருக்கிற அண்ணன் ஞாபகம் வந்தால் ஆட்டுக்குட்டியைப் போட்டுவிட்டுத் திரும்ப ஊருக்கு நடக்கவேண்டும். கேட்டவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். உங்களுக்கு மதுரையிலிருந்து ஒரு காலைப் பஸ்.

இன்னொன்று. யார் பக்கம் நியாயம் என்று அந்த வசனம் விசாரிக்கவே இல்லை. ‘உன்பேரில் குறை உண்டென்று’ என்றுதான் இருக்கிறது. சங்கிலியை அம்மா உங்களுக்கென்றே சொல்லியிருக்கலாம், அக்கா அநியாயமாகவே பேசியிருக்கலாம். எனக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். ஆனால் செலவுக்குப் பணம் அனுப்பியது நான் என்று எனக்கு எழுதியதுபோல அன்றைக்கு அக்காவிடமும் சொல்லியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். எட்டு மாதம் ராத்திரியில் எழுந்து அம்மாவைப் புரட்டிப் படுக்கவைத்து, துணி மாற்றி, கஞ்சி ஊட்டின ஒருத்திக்கு, அடக்கத்துக்கு மறுநாள் அது எப்படிக் கேட்டிருக்கும்?

நீங்கள் தென்னிந்தியத் திருச்சபை அங்கத்தினராக இருந்தால் இது உங்களுக்குப் புதிதாகவும் இருக்காது. 1947இல் சபை உருவாகி, 1950இல் வெளியிட்ட திருவிருந்து ஆராதனை முறையிலேயே சமாதானம் கொடுப்பதைக் காணிக்கைக்கு முன்னால் வைத்துவிட்டார்கள். குருவானவரிடமிருந்து கைக்குக் கை வருமே, பக்கத்தில் இருப்பவரின் கையை இரண்டு உள்ளங்கைக்குள் வாங்கிக் கொடுப்போமே, அதுதான். காணிக்கைப் பை அதற்குப் பிறகுதான் வரும். எத்தனை ஞாயிறு முன்பின் தெரியாத யாருக்கோ சமாதானம் கொடுத்துவிட்டு வந்திருப்பீர்கள்.

அக்காவைப் பார்க்கப் போங்கள். ஆலயத்தில் எல்லாரும் கூடிச் சாப்பிடுகிற அசனத்துக்கு எப்படியும் ஊருக்குப் போவோம், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளாதீர்கள். அசனப் பந்தியில் உறவுக்காரர் இருபது பேருக்கு நடுவே பேசுகிற பேச்சு இல்லை இது. வாட்ஸ்அப்பில் மன்னிப்புச் செய்தி அனுப்புவதும் வேண்டாம், நீல டிக் விழுந்தும் பதில் வராமல் போனால் அதுவே புதுச் சண்டை. கணவரையும் பிள்ளைகளையும் விட்டுவிட்டு ஒரு சனிக்கிழமை தனியாகப் போங்கள். அம்மாவைக் கடைசிவரை வைத்துப் பார்த்தது நீ, அன்றைக்கு நான் பேசியது தப்பு, அவ்வளவு சொன்னால் போதும். ‘ஆனால்’ என்று ஒரு வார்த்தை அதற்குப் பிறகு வாயில் வரும், அதை மட்டும் விழுங்கிவிடுங்கள். அக்கா கதவைத் திறக்காமலும் போகலாம். ‘கூடுமானால் உங்களாலானமட்டும் எல்லா மனுஷரோடும் சமாதானமாயிருங்கள்’ என்றுதான் ரோமருக்கு எழுதியிருக்கிறது. உங்களால் ஆனதைச் செய்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுங்கள்.

அம்மா போன துக்கமும் இதில் கலந்திருக்கிறது என்று தோன்றுகிறது. உங்களுக்கு ஜெபம் என்றாலே அம்மா குரல்தான். அந்தக் குரல் நின்றதும் ஜெபமும் நின்றதில் ஆச்சரியம் இல்லை, அதைப் பின்மாற்றம் என்று நான் சொல்லமாட்டேன். தூக்கம் பிடிக்காமல், எதிலும் பிடிப்பில்லாமல் மாதக்கணக்கில் இருந்தால் ஒரு மருத்துவரையும் பாருங்கள். அது விசுவாசக் குறைவு ஆகாது.

அந்தச் சங்கிலி உங்களிடம் இருந்தால், போகும்போது அதைக் கையோடு கொண்டுபோகாதீர்கள். கொடுத்துவிடலாம் என்று மனம் வந்தாலும் முதல் நாள் வேண்டாம். பையிலிருந்து அதை வெளியே எடுத்தவுடன் பேச்சு பவுனுக்குத் திரும்பிவிடும். அக்காவே அதைக் கேட்டால், பெரியவர்கள் யாரையாவது வைத்து இன்னொரு நாள் பேசுவோம் என்று சொல்லுங்கள். தங்கம் விற்கிற விலையில் உடனே விட்டுக்கொடுத்துவிடுங்கள் என்று ஆன்மிகமாகச் சொல்லிவிட எனக்கும் வாய் வரவில்லை. உங்கள் பங்கு உங்களுக்கு வேண்டும் என்றால் தாராளமாகக் கேளுங்கள், அதில் தப்பில்லை. இரண்டு பேரும் மறுபடி பேசிக்கொள்கிற நிலைக்கு வந்தபிறகு கேளுங்கள்.