தூண் குறி போடுவதற்கு முன்னால் யாரையெல்லாம் கேட்க வேண்டும்? கேள்வி பதில்

இருபத்திரண்டு வருடமாக வீடுகளுக்கு பிளான் போடுகிறேன். இன்று ஒரே விஷயம்: வீடு கட்டும்போது யாரை எப்போது பேச்சில் சேர்க்க வேண்டும். சதுர அடி ரேட் கேட்காதீர்கள். கேட்பீர்கள், தெரியும்.

கரூர்: அக்கா, 1,200 சதுர அடி வீடு. எஞ்சினியர் இருக்கிறார், மேஸ்திரி இருக்கிறார். இதற்கு மேல் யாரைக் கேட்க வேண்டும்?

உங்கள் வீட்டில் சமைப்பது யார்? அவரிடம் பிளானைக் காட்டினீர்களா?

நான் சறுக்கிய இடம் இது. பணம் போடுபவர் சிங்கப்பூரில் இருக்கும் மகன், அவரோடு மட்டுமே மூன்று மாதம் வீடியோவில் பேசிப் பேசி பிளானை முடித்தேன். நல்ல உயரமான ஆள். சமையல் மேடை 36 அங்குலம் இருக்கட்டும், குனிய வேண்டாம் பாருங்கள் என்றார், போட்டுவிட்டேன். கிரகப்பிரவேசம் முடிந்து ஒரு மாதம் கழித்துப் போனால், அவருடைய அம்மா அடுப்புக்கு முன்னால் ஒரு மணையைப் போட்டு அதன்மேல் ஏறி நின்று குழம்பைக் கிளறிக்கொண்டிருக்கிறார். கிரைண்டரைப் பின்கட்டில் வைத்திருந்தேன், அதற்கு ஒரு படி இறங்க வேண்டும். ஊறிய அரிசியைத் தூக்கிக்கொண்டு இறங்க பயந்து மாவைக் கடையில் வாங்குகிறார்கள். “எல்லாம் வசதியாத்தாம்மா இருக்கு” என்று எனக்குக் காபி வேறு போட்டுக் கொடுத்தார், அதுவும் மணைமேல் நின்றபடி. மேடையை 4 அங்குலம் இறக்கலாமே என்றால் கிரானைட், அடியில் கடப்பா கல், சுவர் டைல்ஸ், சிங்க் பைப் எல்லாவற்றையும் பெயர்க்க வேண்டும். பழைய வீட்டு அடுப்படியில் ஒரு மத்தியானம் அவரோடு உட்கார்ந்திருந்தால் போதும், ஒரு பைசா செலவில்லை.

ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியர் (தூண், பீம் கணக்குப் போடுபவர்), பிளம்பர், எலக்ட்ரீஷியன் மூவரும் பிளான் பென்சில் கோடாக இருக்கும்போதே ஒருமுறை பார்த்துவிட வேண்டும். ஆனால் அம்மா அவர்களுக்கு முன்னால்.

கோவில்பட்டி: எங்கள் மனை கரிசல் மண். பிளான் முடிந்த பிறகு மண் பரிசோதனை செய்தால் போதுமா?

போதாது. கரிசல் ஈரம் பட்டால் உப்பும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும், அது உங்களுக்கே தெரியும். ரிப்போர்ட்டைப் பார்த்து அண்டர் ரீம்டு பைல்தான் (அடியில் குமிழ் போல அகன்று ஆழமாக இறங்கும் கான்கிரீட் தூண்) வேண்டும் என்று முடிவானால் தூண் எங்கே வரும், எவ்வளவு தள்ளி வரும் என்பதெல்லாம் மாறலாம். தூண் நகர்ந்தால் அறையும் நகரும். முதலில் மண், அப்புறம் ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியர், அறை பிரிப்பதெல்லாம் அதற்குப் பிறகு.

சேலம்: சதுர அடிக்கு இப்போது என்ன ரேட் மேடம்?

மேலே முதல் பத்தி.

வேலூர்: எலக்ட்ரீஷியனைப் பூச்சு வேலைக்கு முன் கூப்பிட்டால் போதும் என்கிறார் மேஸ்திரி. சரியா?

மேஸ்திரிக்குப் போதும். மேல்தளத்துக்குச் சென்ட்ரிங் அடித்துக் கம்பி கட்டிய கையோடு, கான்கிரீட் கொட்டுவதற்கு முன்னால் ஃபேன் பாக்ஸும் பைப்பும் உள்ளே போயாக வேண்டும். ஃபேன் பாக்ஸ் எங்கே என்று முடிவு செய்ய லாஃப்ட் எங்கே, கட்டில் எங்கே என்று தெரிய வேண்டும். இல்லையென்றால் அறைக்கு நடுவில் ஒன்றைப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள், கட்டில் சுவரோரம் போகும், நீங்கள் டேபிள் ஃபேன் வாங்குவீர்கள். ஏசி பைப் வெளியேறும் வழியையும் அப்போதே கேளுங்கள். பிற்பாடு பீமில் ஓட்டை போட டிரில்லோடு வந்து நிற்பார்கள். பீமில் யாரையும் கை வைக்க விடாதீர்கள்.

திருச்சி: வாஸ்து பார்ப்பவரையும் முதலிலேயே கூப்பிட வேண்டுமா?

வீட்டில் ஒருவர் நம்பினாலும் முதல் நாளே கூப்பிடுங்கள்.

ஈரோடு: படித்த நீங்களே இப்படிச் சொல்லலாமா? மூடநம்பிக்கைக்கு டிசைனில் நாற்காலி போடுகிறீர்கள்.

ஈரோட்டிலிருந்து இது வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். எனக்கும் நம்பிக்கை கிடையாது. ஒரு வீட்டில் “எங்களுக்கு வாஸ்துவெல்லாம் இல்லை” என்று கணவனும் மனைவியும் அடித்துச் சொன்னார்கள், எனக்கும் சந்தோஷம். தளம் போட்டு முடிந்ததும் மாமனார் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். மாடியில் ஈசானிய மூலையில், அதாவது வடகிழக்கில், டாய்லெட் இருக்கிறது, எடுத்தே ஆக வேண்டும். இடம் பத்திரம் மாமனார் பேரில். டாய்லெட்டை வடமேற்குப் பக்கம் நகர்த்தினோம். அங்கே பைப்பைப் புதைக்கத் தளம் தாழ்த்திப் போடவில்லை என்பதால் கழிவுப் பைப் கீழே ஹால் கூரைக்கு அடியில் ஓடியது, அதை மறைக்க ஃபால்ஸ் சீலிங். இடிக்கச் சொல்லும் அதிகாரம் யார் கையில் இருக்கிறதோ அவர் பென்சில் கோட்டிலேயே வந்துவிட வேண்டும். அவர் பகுத்தறிவாளரா பக்தரா என்பது எனக்குத் தேவையில்லாத கணக்கு.

மயிலாடுதுறை: ஈரோட்டுக்காரருக்கு ஒரு வார்த்தை. வாஸ்து என்பதே காற்றும் வெளிச்சமும்தான், சுத்தமான அறிவியல்.

இல்லை. காற்று எந்தப் பக்கம் வருகிறது என்று பார்த்து ஜன்னல் வைப்பது அறிவியல். 12 அடி அறை ஆகாது, 11 அடிதான் ஆகும் என்பது மனையடி சாஸ்திரம்.

ஈரோடு: அப்படிச் சொல்லுங்கள்! இருந்தாலும் மாமனாரை எதிர்த்து நின்றிருக்கலாமே?

நீங்கள் நின்று பாருங்கள். இருவரும் இத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள், பின்னால் ஆட்கள் காத்திருக்கிறார்கள்.

சென்னை: இதெல்லாம் சின்ன வீட்டுப் பிரச்சினை. பெரிய ப்ராஜெக்டில் நடக்காது.

சிட்னி ஓபரா ஹவுஸ் போதுமா? அரசாங்கம் அவசரப்பட்டு 1959-ல் வேலையை ஆரம்பித்தது, மேலே வரும் கூரையை எப்படிக் கட்டுவது என்று அப்போது யாருக்கும் தெரியாது. தெரிந்தபோது, ஏற்கெனவே எழுப்பிய அடித்தளத் தூண்கள் அந்த பாரத்துக்குப் பற்றவில்லை, திரும்பக் கட்டினார்கள். வடிவமைத்த யோர்ன் உட்சன் 1966-ல் விலகிப் போனார். பெரிய அரங்கில் ஓபராவும் கச்சேரியும் நடப்பதாகத் திட்டம். பாதி வேலையில் அது கச்சேரிக்கு மட்டும் என்று மாற்றினார்கள், அங்கே பொருத்தியிருந்த மேடை இயந்திரங்களைக் கழற்றி எறிந்தார்கள், ஓபரா சின்ன அரங்குக்குப் போனது. 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் என்று ஆரம்பித்தது 1973-ல் திறக்கும்போது 10 கோடியே 20 லட்சம். அங்கேயும் மணைமேல் நின்றுதான் சமைத்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மதுரை: 30-க்கு 40 மனைக்கு ஒரு டூப்ளெக்ஸ் பிளான் அனுப்புங்க.

முடியாது.

நாகர்கோவில்: அப்பாவுக்கு 71 வயது, மூட்டுவலி. சரிவுப் பாதை தேவைப்படும்போது போட்டுக்கொள்ளலாமா?

வாசல் தரையிலிருந்து 2 அடி உயரம் என்றால், 1-க்கு 12 சரிவில் 24 அடி நீளம் வேண்டும். கார் நிறுத்த இடம் விட்ட பிறகு அந்த 24 அடிக்கு எங்கே போவீர்கள்? பாத்ரூம் கதவை இரண்டரை அடியில் வைத்தால் சக்கர நாற்காலி இடிக்கும், 3 அடி வையுங்கள். ஒரு வேலை செய்யுங்கள்: அப்பாவை இப்போதிருக்கும் பாத்ரூமில் உட்கார்ந்து எழுந்திருக்கச் சொல்லுங்கள். சுவரில் எங்கே கையை ஊன்றுகிறார் என்று பார்த்து சாக்பீஸால் குறியுங்கள். கைப்பிடி அந்த உயரத்தில்.

தருமபுரி: பிளம்பர் பீமில் சின்னதாக ஒரு ஓட்டை மட்டும் என்கிறார்...

கூடாது. வேலூருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

ஓசூர்: மேடம், தோராயமாகவாவது ரேட்?

...

கரூர்: அக்கா, அம்மாவிடம் பிளானைக் காட்டினேன். மேடையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அடுப்படி ஜன்னல் தெருவைப் பார்த்து இருக்கணும், யார் வர்றா போறான்னு தெரியணும் என்கிறார். எஞ்சினியர் பின்பக்கம் வைத்திருக்கிறார்.

இன்னும் தூண் குறி போடவில்லையே? மாற்றச் சொல்லுங்கள். மேடை உயரத்தை நீங்களே அளந்துவிடுங்கள்: அம்மாவை நிற்க வைத்து முழங்கையை மடக்கச் சொல்லி, அதிலிருந்து 4 முதல் 6 அங்குலம் கீழே. செருப்பில்லாமல் அளங்கள்.